மிளகுக் கடைக்காரருக்கு ஒரு பதில்

மே 11, சனி

இன்று வகுப்பில் கேள்வி விதி. பொருளியலில் கேள்வி என்றால் வாங்குகிறவர்களின் நாட்டம். விலை ஏறினால் அது குறையும். பிருந்தாபன் சேர் பலகையில் சரிந்து இறங்கும் ஒரு கோட்டைக் கீறினார். அவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். நான் அவரை சேர் என்கிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். முப்பத்தொன்பது வயதில் சமூகக் கல்லூரியில் டிப்ளோமா படிக்க வந்தால் இதெல்லாம் சகஜம்.

வீட்டில் சோறு போடும்போது இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். மிளகுக் கடைக்காரரிடம் விலையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது.

“உங்க சேருக்கு மாத்தளைக் கடைத்தெரு தெரியாது போல. போன மாசம் மிளகு விலை ஏற ஏற நாங்க எல்லாரும் அள்ளி அள்ளித்தானே வாங்கினோம்? அப்ப உங்க விதி எங்க போச்சு?”

நதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மகளுக்கு முன்னால் தோற்க எனக்குப் பிடிக்காது. “இருங்க, கண்டுபிடிச்சிட்டு வாரேன்” என்றேன்.

மே 19, ஞாயிறு

இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் வேலைக்குப் போகலாம் என்று சேர் இன்று சொன்னார். வங்கி, பிரதேச செயலகம், சந்தை ஆய்வு செய்யும் கம்பனி, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம். கடைசியாக ஒன்று சொன்னார். மாத்தளையில் வாசனைப் பயிர் செய்கிறவர்களின் சங்கம் ஒன்று, தினமும் கடைகளில் விலை கேட்டுத் தோட்டக்காரர்களுக்குச் சொல்ல ஆள் தேடுகிறதாம். ஓகஸ்ட் பரீட்சையில் சித்தியடைந்தவர்களைத்தான் எடுப்பார்களாம். “அக்கா, உங்களுக்கெண்டே செய்த வேலை மாதிரிக் கிடக்கு.”

எனக்கு அந்த வேலை வேண்டும். இங்கே எழுதி வைக்கிறேன், வெளியில் இவ்வளவு ஆசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இவரிடம் மட்டும் சொன்னேன். “வீட்டுல வெச்சு விலை சொல்ல மாட்டேன். எல்லாரையும் போல கடை வாசல்ல நின்னு கேளு, சொல்றேன்.” மனுஷனுக்கு எவ்வளவு பெருமை!

ஜூன் 9

அவர் மௌத்தாகிவிட்டார். போன சனிக்கிழமை. கடையில், தராசுக்குப் பக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. நான் வகுப்பில் இருந்தேன்.

ஜூன் 30

இத்தா இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், வெள்ளை உடுத்திக்கொண்டு. அவருடைய தாத்தா, சேருடைய பேச்சில் அக்கா, ஸுபைதா மதினி நாவுலயிலிருந்து வந்து எங்களோடு நிற்கிறார். சமையல் அவர், துணி துவைப்பது நதா, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது அடுத்த வீட்டார். என்னை ஒரு பீங்கான் கழுவ விடுகிறார்கள் இல்லை.

அதனால் படிக்கிறேன். காலையிலிருந்து படிக்கிறேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இப்படி உட்கார்ந்து படிக்க எனக்குக் கிடைத்ததே இல்லை. எல்லாம் விளங்குகிறது — அதுதான் கொடுமை. நிரம்பல், நெகிழ்ச்சி, எல்லாம். அவர் போனதால கிடைச்ச நேரம்தானே இது? நான் என்ன பொம்பளை?

யாராவது வந்தால் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். அழுது கொண்டிருந்ததாக நினைக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.

ஜூலை 14

கண்டுபிடிச்சிட்டேன்.

ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நாளைக்கு இன்னும் ஏறும் என்று எல்லாரும் எதிர்பார்த்தால், அந்தக் கோடே இடம் மாறி வலப்பக்கம் போய்விடும். அதனால்தான் ஏற ஏற அள்ளினார்கள். விதி எங்கேயும் போகவில்லை. நீங்க கண்டது வேற, சேர் சொன்னது வேற. நான்தான் ஜெயிச்சேன்!

எழும்பிக் குசினி வரைக்கும் போய்விட்டேன், அவரிடம் சொல்வதற்கு. மதினி திரும்பிப் பார்த்து “என்ன ஜெஸ்லா?” என்றார். தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 12

பரீட்சை 31ஆம் திகதி. இத்தா முடிவது ஒக்டோபரில். இதை விட்டால் அடுத்த பரீட்சை வருகிற வருஷம்தான், அதற்குள் சங்கத்தில் வேறு ஆள் வந்துவிடும்.

மதினியிடம் கேட்டேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். “ஜிப்ரி போய் மூணு மாசம் ஆகல்ல. ஊர் என்ன சொல்லும்? நீங்க ரெண்டு பேரும் நாவுலக்கு வந்துடுங்க, நான் பாத்துக்கிறேன். உனக்கு என்ன குறை?”

குறை வைக்கமாட்டார், தெரியும். அவருடைய வீட்டில் ஒரு மூலையில் நன்றாகத்தான் இருப்போம். அந்த மூலைதான் எனக்கு வேண்டாம்.

ஓகஸ்ட் 20

மதினியே மௌலவிக்குப் போன் எடுத்தார், எனக்கும் கேட்கிற மாதிரி. அவர் கோபிக்கவில்லை. “பகல்ல, ஒரு தேவைக்காகப் போய் வரலாம். ராவைக்கு வீட்டுல இருக்கணும். தேவையா இல்லையாங்கிறத அவங்கதான் சொல்லணும்.”

என் தலையிலேயே போட்டுவிட்டார். முதல் நாள் வகுப்பில் சேர் இதைத்தான் சொல்லித் தந்தார்: தேவை வேறு, விருப்பம் வேறு. அரிசி தேவை, தொலைக்காட்சி விருப்பம். நான் எந்தப் பக்கம்? வேலை இல்லாவிட்டாலும் மதினி சோறு போடுவார். அப்படியென்றால் இது தேவையா?

அல்லாஹ்வுக்குத் தெரியாமல் ஒன்றைச் சொல்ல முடியுமா! மதினியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “தேவைன்னு சொல்ல எனக்கு வாய் வருதில்ல மதினி. ஆசையா இருக்கு. போகணும்னு ஆசையா இருக்கு.”

மதினி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இந்தக் கதைய வேற யாருக்கிட்டயும் சொல்லிடாதே. கேட்டா தேவைன்னு சொல்லு. நானும் அதையே சொல்றேன்.”

ஓகஸ்ட் 31

திரீவீலில் மதினியும் கூட வந்தார். எனக்குக் காவலா, ஊருக்குப் பதில் சொல்லவா என்று கேட்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே பிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது கேள்வி: விலை உயரும்போதும் ஒரு பொருளை மக்கள் கூடுதலாக வாங்குவது எப்போது? உதாரணத்துடன் விளக்குக.

கொஞ்ச நேரம் தாளே தெரியவில்லை. துப்பட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். பரீட்சைத் தாளில் அவருடைய பெயரைப் போட முடியாது. ‘மாத்தளையில் ஒரு மிளகு வியாபாரி’ என்று தொடங்கினேன்.

வெளியே வந்தபோது மதினி கேட்டது ஒன்றுதான்: “எழுதினியா?” எழுதினேன் என்றேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ரெண்டு பேரும் குடித்தோம்.

ஒக்டோபர் 8

இத்தா முடிந்தது. மதினி நாவுலக்குத் திரும்பினார். பஸ் போன பிறகும் நதா கையைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

நவம்பர் 23

பரீட்சையில் சித்தி. சேரிடமிருந்துதான் போன் வந்தது. மதினிக்குச் சொன்னேன். “பாத்தியா, தேவைன்னு நான் அப்பவே சொன்னேனே” என்கிறார். சொன்னாராம்!

ஜனவரி 13, திங்கள்

சங்கத்தில் முதல் நாள். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக விலை கேட்டுப் போனேன். கராம்பு, சாதிக்காய், மிளகு. ஏழாவது கடை எங்கள் கடை. இப்போது றிஸ்வான் என்று ஒரு பொடியன் வாடகைக்கு எடுத்து நடத்துகிறான். அதே தராசு.

உள்ளே வரச் சொன்னான். நான் வாசலிலேயே நின்று கேட்டேன். அவர் சொன்னபடி, எல்லாரையும் போல.

மிளகு விலையைச் சொல்லிவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். “ஏறிக்கிட்டே போகுது தாத்தா, ஆனா ஆளுங்க அள்ளுறாங்க. இது என்ன கணக்குன்னே வெளங்குதில்ல.”

எனக்குத் தெரியும் என்றேன். ஆறாம் அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் விளக்கினேன். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, தராசைப் பார்த்துத்தான் சொன்னேன். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.