ஏரம்பு தொடாத பற்றரி

ஒட்டுசுட்டான்
11.12.1961

அன்புள்ள மகன் பரமலிங்கத்துக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் நோய்நொடியின்றி இருக்க வேண்டிக்கொள்கிறோம். உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. நீ விட்டுப்போன காரைப் பற்றி எழுதாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை, அதை எழுதவும் வெட்கமாக இருந்தது.

ஆவணியில் தொடங்கியது. மாலையில் நன்றாக ஓடிவந்து நிற்கும் கார் விடிய எழும்பாது, கோர்ன்கூட அடிக்காது. பற்றரியை வவுனியாவில் சார்ஜ் பண்ணினோம், பிறகு புதிதே போட்டோம், அதுவும் இரண்டு இரவில் படுத்துவிட்டது. சாரதி ஏரம்பு வீட்டில் றேடியோ இருப்பது உனக்குத் தெரியும். மின்சாரம் இல்லாத ஊரில் றேடியோ கார்ப் பற்றரியில்தானே பாடுகிறது. அவனிடம் சொந்தமாகப் பழைய பற்றரி ஒன்று இருந்தது, ஆனால் மயில்வாகனம் மாமா அதை நம்பவில்லை, இரவில் எங்கள் பற்றரியைக் கழற்றிப்போய்ப் பூட்டுகிறான் என்றார். "வாத்தியாற்ற கார் கொட்டிலுக்க படுத்திருக்கு, அதின்ர சீவன் ஏரம்பு வீட்டில பாட்டுப் படிக்குது" என்று சந்தியில் சொல்ல, ஊரே சிரித்தது. "ஐயா, நான் கை வைக்கேல்லை" என்று ஏரம்பு மூன்று தரம் சொன்னான். நம்பியிருக்க வேண்டிய நான், கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்றேன். அவன் மனைவி இரஞ்சிதத்துக்கு அப்போது எட்டு மாதம். புரட்டாதிக் கடைசி வெள்ளி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "தொட்டிருந்தா என்ர குடி விளங்காது" என்றான். கார்த் திறப்பை என்னிடம் தந்துவிட்டு அன்றோடு வேலையை விட்டு நின்றுவிட்டான்.

ஐப்பசி முடிவில் ஒரு விடியற்காலை, கொட்டும் மழையில் ஏரம்புவே ஓடிவந்தான். பிள்ளை குறுக்கே நிற்கிறது, மருத்துவிச்சி கைவிட்டுவிட்டாள் என்றான். முதல்நாள்தான் மாமா சார்ஜ் பண்ணிய பற்றரியைப் பூட்டி முள்ளியவளைக்குப் போய்வந்தார், கொட்டிலைப் பூட்டியவன் நான். அப்படியிருந்தும் கார் எழும்பவில்லை. எஞ்சினைச் சுற்றும் கைபிடியைப் போட்டு ஏரம்பு கை உரியுமட்டும் சுற்றினான், ஒரு பொறி விழக்கூட அதில் மின்சாரம் இல்லை. மாட்டுவண்டிலில் கொண்டுபோனார்கள். முல்லைத்தீவு சேருமுன் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. தாய் தப்பினாள். "பொய்ச் சத்தியம் பிள்ளையைக் கொண்டுபோட்டுது" என்றது ஊர்.

குடத்தில் தண்ணீர் குறைந்தால் ஆளைத் திட்டுமுன் குடத்தின் அடியைப் பாருங்கள் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். மூன்று கிழமை காருக்குக் கிட்டப் போகவே முடியவில்லை. பிறகு பற்றரியைச் சார்ஜ் பண்ணிவந்து, ஒரு முனையைக் கழற்றி, அதற்கும் கம்பிக்கும் இடையில் சின்ன பல்பு ஒன்றை வைத்தேன். எல்லாம் அணைத்து நிற்கிற காரில் பல்பு எரிந்தது. பிழையான கணக்கை வரிவரியாகப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கம்பியாகக் கழற்றினேன், மின்சாரம் பிறப்பிக்கும் டைனமோவின் கம்பியை எடுத்ததும் பல்பு அணைந்தது. பல்பை எடுத்துவிட்டு எல்லாம் திரும்பப் பூட்டி அரைமணி கழித்துத் தொட்டேன், ஓடாத காரில் டைனமோ காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. பற்றரிக்கும் டைனமோவுக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டி, குளத்துத் தண்ணீரைத் திறந்து மூடும் துருசு மாதிரி, எஞ்சின் ஓடும்போது பற்றரிக்கு மின்சாரம் விட்டு, நின்றதும் மூடிக்கொள்ளவேண்டியது. அதன் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கிடந்தன. சேர்ந்த மின்சாரம் இரவிரவாக வந்த வழியே திரும்பியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முற்பகல்தான் சென்றது.

போன வெள்ளி பூசை முடிந்து சனம் கலையமுன் ஏரம்புவின் சத்தியம் மெய், பிழை என்னுடையது என்று சொன்னேன். சிலர் தலை குனிந்தார்கள், சிலர் "வாத்தியார் இரக்கத்தில சொல்லுறார்" என்று போனார்கள். பிள்ளை போன துடக்கு, தீட்டுக் கழியவில்லையென்று ஏரம்பு வீட்டார் கோவிலுக்கு வரவில்லை, நான் அங்கே போனேன். அவன் கதிரை எடுத்துப் போட்டான், என்னால் அதில் உட்கார முடியவில்லை. பெட்டியைக் காட்டி விளக்கினேன். இரஞ்சிதம் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "உந்தப் பெட்டியை ஆவணியிலேயே ஒருக்காத் தொட்டுப் பாத்திருக்கலாமே, ஐயா" என்றாள்.

மகன், அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறா. கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் கையால் யாருக்கும் தீங்கு வராதிருக்கட்டும். ஒன்றை மறவாதே. ஏரம்புவுக்கு உடனே ஒரு கடிதம் போடு. ஆறுதல் எழுதவேண்டாம். பற்றரி எப்படி இறங்கியது என்பதை மட்டும் தெளிவாக எழுதிக் கையெழுத்து வை. நீ இயந்திரம் படித்தவன், நீ சொன்னால் இரக்கம் என்று ஊர் தள்ளாது. அவனுக்குக் காட்ட ஒரு கடதாசி வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீ. இளையதம்பி