இடது காலை இழுப்பவன்

நாள் 3, காலை
கடலடிக் குடியிருப்பு, மூன்றாம் தளம். துப்பறிவாளர் கிளாட்வினின் பதிவு. பின்தொடர வேண்டிய ஆள் லூர்து ராயன். காற்றுக்குழாயை அறுத்தவன் என்று சந்தேகம். இங்கே எல்லோர் முகத்திலும் மூச்சுக்கவசம். அதனால் கதவுகள் நடையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. ராயன் இடது காலை இழுத்து நடக்கிறான். வேலை சுலபம். முடித்துவிட்டு என் மனைவி ஜெனோவாவின் பிரசவத்துக்கு லிஃப்ட்டில் மேலே கரைக்குப் போய்விடுவேன்.

நாள் 11, மதியம்
தரை முழுக்க இரும்பு. என் காலடி தனியாகக் கேட்டால் கதை கந்தல். தொழில் வழக்கப்படி அவன் அடி விழும்போதே என் அடியையும் வைக்கிறேன். அவன் இழுத்தால் நானும் இழுக்கிறேன். அவனோ வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், கண்ணாடிச் சுவர் முன் நிற்கிறான். இப்படி ஒரு சப்பை ஆளை நான் பார்த்ததே இல்லை.

நாள் 26, காலை
என் அறை திறக்கவில்லை. எரிச்சலோடு திரும்பி நடந்தேன்; ராயனின் அறை தானாகத் திறந்தது. சிரிப்பு வந்துவிட்டது. காவல் அறையை அழைத்தேன்.
"ராயன் அண்ணாச்சி, வெளயாடாதீங்க. இந்தத் தளத்தத் தாண்ட ஒங்களுக்கு அனுமதி கெடையாது."
கவசத்தைக் கழற்றி கேமராவில் முகத்தைக் காட்டினேன்.
"மொகத்த வச்சு நான் என்ன செய்ய?"

நாள் 27, மாலை
பொது அலைவரிசையில் ஜெனோவாவின் குரல். "ஏங்க, எங்க இருக்கீங்க? வலி எடுத்துட்டு. லிஃப்ட்டுல ஒங்க பேர்ல எவனோ வந்து எறங்கிப் போறான். புருசன் வந்தாச்சுன்னு எங்கிட்டயே சாதிக்கிறாங்க."
அந்தப் பாவி ராயன் கண்ணாடிச் சுவரில் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தது, பின்னால் வந்த என் நடையை. பழையபடி நிமிர்ந்து நடந்து பார்த்தேன். கதவு சொன்னது: "கிளாட்வின் மேலே போய்விட்டார்."
உட்கார்ந்து அழுதேன்.

நாள் 28
பெண் குழந்தை. அழுகை கேட்டது, நல்ல தொண்டை. பாதியில் அலைவரிசையை அடைத்துவிட்டார்கள். ராயனுக்கு மேலே உறவுகள் யாரும் இல்லையாம்.

நாள் 38
எனக்குப் பின்னால் ஒருவன். என் அடியோடு அடி வைக்கிறான். இளவயது, வலது தோள் லேசாகச் சரியும், குதிகாலை அழுத்தி வைப்பான். கண்ணாடிச் சுவர் முன் வெகுநேரம் நின்றேன்.

நாள் 61
தம்பி, ராயனின் அறைக்கதவு உனக்குத் திறந்திருக்கும், அதனால்தான் இதைப் படிக்கிறாய். உன் பேரில் நான் லிஃப்ட்டில் ஏறியிருப்பேன். நீ சீக்கிரம் பழக வேண்டும் என்றுதான் காலை அவ்வளவு இழுத்தேன். உனக்கும் மேலே யாராவது காத்திருக்கலாம். கேட்டிருந்தால் என்னால் போக முடிந்திருக்காது. கேட்கவில்லை. இன்னொருவனை அனுப்புவார்கள். நீயும் அவனிடம் எதுவும் கேட்காதே.