கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆள் இல்லை

ஸ்மெரெச்சினா, கார்பாத்திய மலை
டிசம்பர் 28

அன்புள்ள இல்கோவுக்கு,

உன் பராஸ்கா எழுதுவது. நானும் நலம், பசுவும் நலம். எந்தப் பதுங்குகுழியில் இருந்து இதைப் படித்தாலும், காலுறை ஈரமாக இருந்தால் முதலில் மாற்றிக்கொள், பிறகு படி.

ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. போர் வந்து நம் ஊரைக் கலைத்துப் போட்டு வேறு ஊராக அடுக்கிவிட்டது. உன் வயதுக்காரர்கள் போர்முனையில். படைக்குப் பிடித்துப் போவார்கள் என்று பயந்து வெளியே தலைகாட்டாத இரண்டு பேரைப் பற்றி என்னிடம் கேட்காதே. உன் தங்கையைப் போலப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போலந்து போனவர்கள் அங்கேயே வேலை பார்க்கிறார்கள். அந்த வீடுகளில் இப்போது கிழக்கிலிருந்து ஓடிவந்தவர்கள். முதல் வகுப்பில் நம் பிள்ளைகளைவிடக் கார்கிவ் பிள்ளைகள்தான் அதிகம். நம் பிள்ளைகள் அவர்களைப் போலப் பேசுகிறார்கள், அவர்கள் நம்மைப் போலத் திட்டுகிறார்கள். முடிவெட்டும் வாசில் வெட்டத் தலை கிடைக்காமல் பெண்களுக்குச் சாயம் பூசக் கற்றுக்கொண்டார். என் தலையைப் பார்த்தால் சிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போக இந்த வருஷம் ஆண்கள் இல்லை. பெண்கள் போகிறோம் என்றதும், தேவாலயப் பெரியவர் தனாஸி, "பொம்பள பாடுனா அந்த வருஷம் வெளங்காது" என்று ஒற்றைக்காலில் நின்றார். நம் முன்னறையில் குடியிருக்கும் கார்கிவ்காரி லாரிசா விடுவாளா? "போன மாசம் போர்முனையிலேர்ந்து வந்த சவப்பெட்டியத் தூக்குனது யாரு? நாங்கதானே? அப்ப மட்டும் வெளங்குச்சா பெரியவரே?" என்று கேட்டுவிட்டாள். மனிதர் கடைசியில், "என்னமோ பண்ணித் தொலைங்க. ஆனா முதல் குரல் பராஸ்காதான் எடுக்கணும். இல்கோ பாடுற மொற அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். உன் இடத்தில் நான் நின்றால், நீ வரமாட்டாய் என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று பயம், இல்கோ. என்னை இதில் மாட்டிவிட்டாள் என்ற கோபத்தில் லாரிசாவோடுகூடப் பேசவில்லை. பிறகுதான், பாட்டே நின்றுபோனால் நீ திரும்பி வந்து நிற்க எந்த இடம் இருக்கும் என்று தோன்றியது. போனேன்.

பாதிப் பேருக்கு நம் பாட்டே தெரியாது. பாட்டோடு ஆடும்போது கையில் ஏந்தும் சின்னக் கோடரியை லாரிசா துடைப்பம் மாதிரி பிடித்திருந்தாள். இருந்தும் எல்லா வீட்டிலும் கதவைத் திறந்தார்கள், சிலர் அழுதார்கள், பன்றிக்கொழுப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள்.

கடைசியாக நம் வீடு. வழக்கப்படி வாசலில் நின்று, "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று முதல் குரல்காரர்தானே கேட்க வேண்டும்? மற்ற வீடுகளில் யாராவது ஒரு மாமனார் பதில் சொன்னார். நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பதில் வராத வீட்டில் பாட்டு கிடையாது. ஆனாலும் கேட்டேன்.

லாரிசா கூட்டத்தை விட்டு ஓடினாள். கொல்லைப்பக்கமாக உள்ளே போய்க் கதவைத் திறந்து நின்றாள். தன் சொந்த வீடு இருந்த இடத்தில் குண்டு விழுந்த குழிதான் இருக்கிறது அவளுக்கு. "இருக்காரு, பாடுங்க" என்றாள்.

பாடினேன். உன் பெயரைச் சொல்லி, ஒரு வரிகூட விடாமல் முழுதும் பாடினேன்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நீ வீட்டில் இருக்கிறாய் என்று ஊரறியப் பாடிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன்
பராஸ்கா