அரசரின் அம்பு பட்ட பைன் மரம்

நியூ ஹாம்ப்ஷயர், ஏப்ரல் 1771

என் மகனுக்கு,

அரசரின் போர்க்கப்பலில் வேலை பார்க்கும் உன் கைக்கு இது எப்போது வருமோ தெரியாது. வீட்டுக்குப் பின்னால் நின்ற பெரிய பைன் மரத்தை வெட்டிவிட்டேன். நம் நிலத்து மரம்தான். ஆனாலும் அரசரின் கப்பலுக்குப் பாய்மரமாக வேண்டுமென்று அதில் அம்புக்குறி வெட்டிவைத்திருந்தார்கள்.

குறி வெட்ட அதிகாரி வந்த அன்று உன் அம்மா கேட்டது நினைவிருக்கிறதா? "கடலுக்கு அந்தாண்ட இருக்கற ராசா இந்த மரத்த ஒருவாட்டி கண்ணால பாத்திருப்பாரா?" குறி வெட்டிய கூலியையும் நம்மிடமே வாங்கிக்கொண்டுதான் அந்த அதிகாரி போனார்.

நேற்று மறுபடி வந்தார். அடிக்கட்டையைப் பார்த்தார். உள்ளே வந்து தரைப்பலகைகளை ஒவ்வொன்றாக அளந்தார். அகல மரம் அரசருக்குத்தான் என்கிற சட்டம் நமக்கு விட்டுவைத்த அகலத்துக்குள்தான் எல்லாம் இருந்தன.

"அகலப் பலகையெல்லாம் எங்கய்யா?"

"என் வீட்டுக்காரி எடுத்துக்கிட்டுப் போயிட்டா."

"எங்க போனா?"

தோட்டத்தில் புதிதாக மண் குவிந்திருந்த இடத்தைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றினார். அபராதச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்த அம்போடு தன்னைப் புதைக்க வேண்டாம் என்று உன் அம்மா சாகும் முன் சொல்லியிருந்தாள். சவப்பெட்டிப் பலகையிலிருந்து அதை இழைப்புளியால் நானே சீவி எடுத்தேன்.

இந்த வீட்டில் இன்னும் அரசரின் குறியோடு இருப்பது நீ ஒருவன்தான்.

உன் அப்பா