தண்டையின் எடை

தூத்துக்குடி, 12-8-1946

அன்புள்ள அம்மாவுக்கு முப்பிடாதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் மில் கம்பெனி தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சுறா எண்ணெய் கொடுத்து, உடம்பு தேறுகிறதா என்று மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கிறது. எடை எழுதுவது என் வேலை. இம்மாதம் எல்லோருக்கும் எடை ஏறியிருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் பார்த்தேன், எல்லாக் கால்களிலும் போன மாதம் இல்லாத வெள்ளித் தண்டை.

“வெறுங்காலோட கொண்டுவந்தா டாக்டரு என்ன நெனைப்பாவ?” என்றாள் ஒரு தாய்.

வேலை போய்விடுமோ என்று பயந்தபடியே டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு, கழற்றி நிறுக்கச் சொன்னார். அப்போதும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

என் மகள் ஆவுடையை நீங்கள் வளர்க்கும் நிம்மதியில்தான் இங்கே இருக்கிறேன் அம்மா.

மில் சங்கு ஊதிவிட்டது. ஏரல் சந்தையில் அவளை நிறுத்து எழுதுங்கள், தண்டையைக் கழற்றிவிட்டு. அதே கனத்தில் இங்கே ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வேன்.

முப்பிடாதி