உன் அப்பாவைப் பிடித்துக் கொடுக்கப் போன கதை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அப்பாவுக்கு அனுப்பிய கேமராவால் இங்கே நடந்த கூத்தைக் கேள். இத்தனை வருஷம் பஸ் ஓட்டித் தெருவை வேகமாகத்தானே பார்த்தேன், இனி நின்று பார்க்கிறேன் என்று காலையில் கிளம்பினால் மதியம்தான் வருவார் உன் அப்பா. போன மாதம் ஒரு நாள் நான் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன், மருந்துக்கடைப் பக்கம் ஒரே சத்தம். எவனோ தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பொம்பளைங்களைப் படம் புடிக்கிறான், பையில ஓட்டை போட்டு கேமராவை வச்சிருக்கான் என்று மீன்காரம்மா கத்துகிறாள். எனக்கு வந்ததே கோபம்! விடாதீங்க, போலீசைக் கூப்பிடுங்க என்று நானும் என் பங்குக்குக் கத்திக்கொண்டே கூட்டத்தை விலக்கிப் போனால், மீன்காரம்மாவிடம் சட்டைக் காலரைக் கொடுத்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறார் உன் அப்பா. பையோ, நான் வீடெல்லாம் தேடிய என் காய்கறிப் பை!

அதற்குள் போலீஸ்காரர் வந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கேமராவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி கேமராவைப் பார்க்கிறார். ஏம்மா, எல்லாத்துலயும் நீங்கதானே இருக்கீங்க என்றார். நான் பேரம் பேசுவது, கொட்டாவி விடுவது, குடைக்காம்பால் முதுகைச் சொறிவது, ஒன்று விடவில்லை. கேமராவைக் கண்டா இவ கட்டை மாதிரி விறைச்சுக்கிறா சார், அதான் ஒளிஞ்சு எடுத்தேன் என்றார் அப்பா. கூட்டமே சிரித்தது. சொந்தப் பொண்டாட்டிய ஒளிஞ்சு நின்னு பாக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன் என்று மீன்காரம்மா காலரை நீவி விட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் உன் அப்பாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. தலை நிமிர்ந்து நடந்த தெருவில் திருடன் மாதிரி நிற்க வைத்துவிட்டார்களே என்று கேமராவைப் பெட்டியில் போட்டு ஒட்டி, உனக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு ஜன்னலே கதியென்று உட்கார்ந்துவிட்டார். அவர்களையும் குறை சொல்ல முடியுமா, காலம் அப்படிக் கிடக்கிறது. தபாலுக்குக் கொண்டுபோகிற அன்று மனசு கேட்காமல் பெட்டியைப் பிரித்துப் படங்களைப் பார்த்தேன். நீ போன பிறகு நான் சிரிப்பதையே மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன் கண்ணு. அதில் வெங்காயக்காரர் முன்னால் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். எனக்கே தெரியாதது இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. அழுதேவிட்டேன்.

நேரே போய்க் கேமராவை அவர் கழுத்தில் மாட்டினேன். நாலு பேர் பார்க்க எடுங்க, வேண்டாங்கிறவங்களை விட்டுடுங்க என்றேன். இப்போதும் சிலர் முறைக்கிறார்கள், இவரும் கேமராவை இறக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மீன்காரம்மாவோ இருப்பதிலேயே பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், எடுக்காமல் விடமாட்டாள்.

உனக்கு ஒரு குறையும் வராமல் மனம்போல் எல்லாம் அமையட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், மறக்காதே. கொட்டாவிப் படத்தை உள்ளே வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டாதே. திருப்பி அனுப்ப வைத்திருந்த பெட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது. சந்தைக்குக் கிளம்பிவிட்டேன், அப்பா பின்னால் வருகிறார். திரும்பிப் பார்க்கக் கூடாதாம். நான் பார்க்க மாட்டேன், வரட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா