விடுபட்ட எட்டாவது வரி

மார்ச் 3, செவ்வாய்

பழைய வண்டி இன்று காலையும் கிளம்பவில்லை. மருமகன் நாலு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் சட்டைகூட மாற்றாமல் சொன்னார்: "இனிமே இதை இழுக்க முடியாது அத்தை. மின்சார வண்டி ஒண்ணு எடுத்துடலாம். குடும்பமாப் போறமாதிரி, கொஞ்சம் உயரமா."

மகள் தலையாட்டினாள். பேத்தி குதித்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இது மருமகன் வீடு. அவர் போனபின் — என் கணவரைச் சொல்கிறேன் — நான் இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. இதுவரை இந்த வீட்டில் இது வேண்டும், அது வேண்டாம் என்று நான் வாய் திறந்ததில்லை. இனியும் திறப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் என்ன ஆகும் என்பது மட்டும்தான் என் கவலை.

மார்ச் 8, ஞாயிறு

மெக்கானிக் ஏதோ செய்து வண்டியை ஓட வைத்தார். தங்கையைப் பார்த்துவிட்டு வந்தோம். போக நூற்று முப்பது கிலோமீட்டர், வர நூற்று முப்பது. பாதி தூரம் மேட்டுச் சாலை.

பக்கவாதம் வந்து அவளுக்குப் பேச்சு நின்று மூன்று வருடம். அவளைச் சேர்த்திருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு ஒரு கட்டில், ஒரு இழுப்பறை, ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி. நகம் வெட்டிவிடுவேன், தலை வாரிவிடுவேன், சின்ன வயதுச் சண்டைகளில் எது அவள் தப்பு என்று எடுத்துச் சொல்வேன். அவளால் இப்போது மறுத்துப் பேச முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

இன்று நர்ஸ் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை மட்டும் காலையிலயே சீப்பைக் கையில எடுத்து வச்சுக்கிறாங்கம்மா. எப்படிக் கிழமை தெரியுதோ, எங்களுக்கே புரியல."

எனக்குப் புரிகிறது.

மார்ச் 11, புதன்

எதை வாங்குவது என்பது இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறது. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். கம்பெனிப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை, நிறமே போதும். மருமகன் இரண்டின் விவரப் புத்தகங்களையும் என்னிடம் கொடுத்தார். "நீங்க பாத்துச் சொல்லுங்க அத்தை. பொடி எழுத்தெல்லாம் உங்க கண்ணுக்குத்தான் தப்பாது."

கேலியா, மரியாதையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். அட்டைப்பெட்டி முகப்பில் போட்டிருப்பதை நம்பியதில்லை, உள்ளே மடித்து வைத்த தாளைத்தான் படிப்பேன். இதிலும் அப்படித்தான். வெள்ளை ஒரு சார்ஜில் நானூறு போகும் என்று முகப்பில் இருக்கிறது. மேட்டுச் சாலை, ஏசி, நாலு பேர் என்று கணக்கிட்டால் இருநூற்று முப்பதைத் தாண்டாது. நீலம் முந்நூற்று முப்பது தாராளமாகப் போகும். இல்லத்தில் சார்ஜ் போட வசதி இல்லை. வெள்ளை என்றால் வழியில் ஓரிடத்தில் ஐம்பது நிமிடம் நிற்க வேண்டும்.

கோடு போட்டு அட்டவணை தயார் செய்ய ஆரம்பித்தேன். சாப்பிடும்போது, "பன்னிரண்டு வரி வரும்" என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 14, சனி

ஷோரூம். விற்பனைக்காரப் பையனிடம் மருமகன் சொன்னார்: "பாத்துப் பேசுங்க தம்பி. எங்க அத்தை மருந்துல ஒரு சொட்டு குறைஞ்சாலும் விடமாட்டாங்க."

வெள்ளையில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல இருக்கை, கால் தானாக உள்ளே போகிறது. இறங்கி, கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கதவுக்கடியில் அளந்தேன். தரையிலிருந்து நாற்பத்தொரு சென்டிமீட்டர். பிறகு நீலத்தை அளந்தேன். ஐம்பத்திரண்டு.

"இதுலயும் ஏறிப் பாருங்கம்மா" என்றான் பையன்.

"பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு" என்றேன்.

பேத்தி ஒரே எட்டில் ஏறி, "ரொம்ப ஈஸி பாட்டி" என்று கத்தினாள்.

மார்ச் 15, ஞாயிறு

தங்கையிடம் போய் வந்தாயிற்று. வழியில் வண்டி இரண்டு இடத்தில் நின்றது. இதோடு இன்னும் எத்தனை வாரம்?

மார்ச் 16, திங்கள்

மத்தியானம் யாரும் இல்லாதபோது முற்றத்தில் செங்கற்களை அடுக்கி அளந்து பார்த்தேன். நாற்பத்தைந்து வரை வலது கால் ஏறுகிறது. அதற்கு மேல் முட்டி சம்மதிக்கவில்லை. இது போன வருடமே தொடங்கிவிட்டது. யாருக்கும் தெரியாது. நான் நடப்பதைப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. முதுகை எப்படி நிமிர்த்தி நடக்க வேண்டும் என்று கான்வென்டில் தலையில் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வலியைச் சொல்கிறவள் பிறர் நேரத்தைத் திருடுகிறாள் என்பார் மதர்.

ஆக, விஷயம் இதுதான். ஏற முடிகிற வண்டி நிற்காமல் அங்கே போகாது. போகிற வண்டியில் என்னால் ஏற முடியாது.

வெள்ளை என்றால் ஐம்பது நிமிடம் நிற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிற மனிதரை ஒவ்வொரு வாரமும் சாலையோரம் காக்க வைப்பதா? இரண்டு மாதம் பொறுத்துக்கொள்வார். பிறகு, "அடுத்த வாரம் பாக்கலாம் அத்தை." அதற்குப் பிறகு அதுவும் இராது. அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா?

முட்டியைப் பழக்கிக்கொள்ளலாம். தூரத்தைப் பழக்க முடியாது.

எட்டாவது வரி: கதவடி உயரம். அட்டவணையைப் புதுத் தாளில் நகல் எடுத்தேன். எட்டாவதை விட்டுவிட்டு, ஒன்பதை எட்டாக்கினேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு அளவைக்கூட மறைத்தவளில்லை நான்.

மார்ச் 17, செவ்வாய்

தாளைக் கொடுத்தேன். மருமகன் நிதானமாகப் படித்தார். "வெள்ளை கொஞ்சம் தாழ்வா இருக்கு, ஏறி இறங்க வசதின்னு தோணுச்சு அத்தை" என்றார்.

"அது நோயாளிகளை ஏத்திட்டுப் போற வண்டி மாதிரி இருக்கு மாப்பிள்ளை. நீலம்தான் சரி."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 29, ஞாயிறு

பழைய வண்டி அடியோடு நின்றுவிட்டது. நீலம் வர இன்னும் நாலு நாள். போன ஞாயிறுதான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. இன்று போகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வந்துவிட்டது. பழையதை இழுத்துப் போனார்கள். என் கணவரின் கண்ணாடி உறை அதன் முன்பக்கப் பெட்டியில் இருந்ததாம். மகள் எடுத்து வந்து கொடுத்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எல்லோரும் ஏறிவிட்டார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலைத் தூக்கினேன். தூக்கின கால் தூக்கினபடி நின்றது. எதிர்வீட்டு வாத்தியார் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தலைவலி. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"நீ இல்லாம நாங்க போய் என்னம்மா பண்றது? சித்திக்கு உன்னைத்தானே தெரியும்" என்றாள் மகள். யாரும் போகவில்லை.

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வயிறு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று என்ன சொன்னேன் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. என்ன ஜென்மம் இது. என் கையால நானே தேர்ந்தெடுத்தது. பொய்க்கணக்கு எழுதிக் குடுத்து வாங்க வச்சது. யாரைக் குத்தம் சொல்ல?

பஸ்ஸில் போகலாம் என்றால் மூன்று பஸ் மாற வேண்டும். அதன் படி இதைவிட உயரம்.

ஏப்ரல் 23, வியாழன்

வண்டி சார்ஜ் ஏறட்டும் என்று மருமகன் வேலைக்கு இன்று பஸ்ஸில்தான் போனார். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சமையலறை ஸ்டூலை ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். அதன்மேல் நின்று ஏறிவிட்டேன். நிஜமாகவே ஏறிவிட்டேன். ஏறும்போது ஸ்டூல் காலில் தட்டி உருண்டு போய்விட்டது.

இறங்க முடியவில்லை. கையில் போன் இல்லை. இருந்தாலும் யாரைக் கூப்பிட்டிருப்பேன்? ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புது இருக்கையின் ரப்பர் வாடை. முதுகை மட்டும் சாய்க்கவில்லை. யாருக்காக என்று தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த மருமகன் என்னைப் பார்த்தார். உருண்டு கிடந்த ஸ்டூலையும் பார்த்தார். மறுபக்கம் போய் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா அத்தை?"

"இப்பதான்."

"சரி."

ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னைக்குப் பன்னெண்டு வரின்னு சொன்னீங்க. கையில குடுத்தது பதினொண்ணு."

முந்தானையை இழுத்து முட்டியை மூடினேன்.

"நீங்க எண்ணிக்கையில தப்பு விடுறவங்களா? டேப் வச்சு அளந்த கதவடி உயரம் தாள்ல இல்ல, முட்டி விஷயம்னு அப்பவே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் சொன்னா உங்களுக்குக் கௌரவக் குறைச்சலா இருக்கும்னு விட்டுட்டேன். தப்புதான்."

"வழியில அம்பது நிமிஷம் உங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னுதான்..."

அவர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பில்லை. "அந்த அம்பது நிமிஷத்துக்காகத்தான் அத்தை எனக்கு வெள்ளை புடிச்சுது. வாரத்துல ஒரு தடவையாவது யாரும் எழுப்பாம சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கலாம்னு இருந்தேன்."

இறங்கி வந்து ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றார். "தோளைப் புடிச்சுக்கோங்க. நான் பாக்கல."

பிடித்துக்கொண்டு இறங்கினேன். நாலு வருடத்தில் அவரைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

என் நெஞ்சு ஆறவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடப் பேச்சு. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க மூன்று ஞாயிறைத் தொலைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மருமகன் சொல்லிவைத்த, பக்கவாட்டில் பொருத்துகிற கால்படி புதன்கிழமைதான் வருமாம். ஸ்டூல் போதும், கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முட்டி வீங்கியிருந்தது. பழைய வண்டி நின்ற ஞாயிறையும் இதையும் சேர்த்தால் ஐந்து.

மே 3, ஞாயிறு

கால்படி இருபத்தைந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. ஏறினேன். நிற்காமலே போய்ச் சேர்ந்தோம். நான் போட்ட கணக்கு ஒன்றும் பிசகவில்லை.

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சீப்பு கையில் இல்லை, இழுப்பறைக்குள் இருந்தது. நகங்கள் வளர்ந்து ஒன்று ஒடிந்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வழக்கம்போல் உட்காரப் போனேன் — ஜன்னலோரம் நாற்காலியைக் காணோம்.

"பக்கத்து ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. இங்க யாரும் வர்றதில்லைன்னு" என்றாள் நர்ஸ்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகளும் பேத்தியும் கீழே இருந்தார்கள். மருமகன் அறை வாசற்படியில் நின்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை" என்றேன். "என்னால நிக்க முடியல. முட்டி வலிக்குது. எனக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிட்டு வாங்க."